பழைய செல்லப்பிராணி பாலிசி ரத்தானதைக் கிளெய்மில் எப்படி உறுதி செய்வது?

கேட்டவர் செல்லப்பிராணிக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் கிளெய்ம் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருப்பவர். அவர் மேசையில் இருக்கும் கோப்பு இது. புதிய பாலிசி ஜூன் 1ஆம் தேதி தொடங்கியிருக்கிறது. ஜூன் 20ஆம் தேதி நாய் ஒரு காலுறையை விழுங்கிக் குடல் அடைத்துக்கொண்டது. அன்றிரவே அறுவை சிகிச்சை. பாலிசிதாரர் இதற்கு முன் வேறொரு நிறுவனத்தில் காப்பீடு வைத்திருந்தார். அதை மே மாதமே ரத்து செய்துவிட்டதாகச் சொல்கிறார். ஆதாரமாக அவர் தந்திருப்பது, மே 28ஆம் தேதி தான் அனுப்பிய மின்னஞ்சலின் ஸ்கிரீன்ஷாட். ரத்துக் கடிதம் வராமல் கோப்பை நகர்த்தக் கூடாது என்பது மேலதிகாரியின் உத்தரவு. பாலிசிதாரரோ தினமும் தொலைபேசியில் அழைக்கிறார். எது போதுமான ஆதாரம், அதுவரை பணத்தை நிறுத்தி வைக்கலாமா என்பது கேள்வி.

இதே நாற்காலியில் நெடுங்காலம் உட்கார்ந்தவன் என்ற உரிமையில் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

"ரத்தாகிவிட்டதா, இல்லையா?" என்று கேட்டால் கிடைக்கும் பதில் உங்களுக்கு உதவாது. கேட்க வேண்டியது, பழைய பாலிசி எந்தத் தேதி, எத்தனை மணி வரை அமலில் இருந்தது என்பதைத்தான். அந்தத் தேதியைச் சிகிச்சைத் தேதிக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே அவிழ்ந்துவிடும். உங்கள் மேலதிகாரி சொன்னபடி பாலிசிதாரர் அலைந்து திரிந்து, ஜூலை முதல் வாரத்தில் ஒரு ரத்துக் கடிதத்தோடு வருகிறார் என்று வையுங்கள். கடிதத்தில் "ஜூலை 3 முதல் ரத்து" என்று இருக்கிறது. பட்டியலில் ஒரு ஆவணம் கூடிவிட்டது, டிக் அடித்துவிடலாம். ஆனால் அந்தக் கடிதம் சொல்வது, ஜூன் 20 இரவு பழைய பாலிசி உயிரோடு இருந்தது என்பதை! நீங்கள் எதை மறுக்க நினைத்தீர்களோ, அதற்கே அது சாட்சி. இழப்புக்குப் பிறகு செய்த ரத்து, அந்த இழப்பைப் பொறுத்தவரை நடக்காத ரத்துதான். இது தெரியாமல், "முதலில் பழையதை ரத்து செய்துவிட்டு வாருங்கள்" என்று வாடிக்கையாளரிடம் சொல்லும் அலுவலகங்களை நான் பார்த்திருக்கிறேன். அதைவிட மோசமான ஆலோசனை கிடையாது. அவருடைய கிளெய்மை நீங்கள் பிறகு மறுத்துவிட்டால், நாய்க்கு இரண்டு பாலிசியும் இல்லாத நிலை வந்துவிடும்.

சரி, பழைய பாலிசியைப் பற்றி நமக்கு ஏன் கவலை? ஒரே கட்டணத்தை இரண்டு நிறுவனங்களிடம் வாங்கிவிடக் கூடாது என்பது முதல் காரணம். செல்லப்பிராணிக் காப்பீட்டில் சிகிச்சைச் செலவுக்கான பகுதி ஈட்டுறுதி வகையைச் சேர்ந்தது: செலவான தொகைக்கு மேல் ஒரு காசும் லாபமாகக் கிடைக்கக் கூடாது. பல நாடுகளில் சட்டத்தின் கண்ணில் விலங்கு ஓர் உடைமை. ஆகவே வீட்டுக்கும் வாகனத்துக்கும் பொருந்தும் இரட்டைக் காப்பீட்டு விதிகள் பெரும்பாலும் இங்கும் பொருந்தும். இரண்டாவது காரணம், தொடர்ச்சிச் சலுகை. வேறு நிறுவனத்திலிருந்து இடைவெளியில்லாமல் வருபவருக்குக் காத்திருப்புக் காலத்தை, அதாவது பாலிசி தொடங்கியும் ஈடு கிடைக்காத ஆரம்ப நாட்களை, தள்ளுபடி செய்யும் நிறுவனங்கள் உண்டு. அங்கே பழைய பாலிசி எப்போது முடிந்தது என்பது சலுகையின் நிபந்தனையாகவே ஆகிவிடுகிறது. மூன்றாவது, ஏற்கெனவே இருந்த நோய், அதாவது புதிய பாலிசி தொடங்கும் முன்பே இருந்தது என்று சொல்லி ஈடு மறுக்கப்படும் நோய். இதைப் பற்றிப் பிறகு தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் அதிகம் அத்துமீறுவது அங்கேதான்.

இந்த மூன்றில் எது உங்கள் கோப்பில் இருக்கிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எதுவுமே இல்லையென்றால் ரத்துக் கடிதம் கேட்க உங்களுக்கு வேலை இல்லை. இதை நான் கற்றுக்கொண்ட விதம் பெருமைப்படத்தக்கதல்ல. சேர்ந்த புதிதில் ஓர் ஆண் பூனையின் கிளெய்ம் வந்தது. சிறுநீர்த் தாரை அடைத்துக்கொண்டு, நள்ளிரவில் குழாய் செருகி, நான்கு நாள் மருத்துவமனையில் கிடந்த பூனை. பழைய பாலிசி இன்னும் நடப்பில் இருப்பதாக விண்ணப்பத்தில் ஒரு குறிப்பு இருந்தது. நான் ரத்துக் கடிதம் கேட்டு எழுதினேன், நினைவூட்டினேன், மறுபடி எழுதினேன். ஐந்து வாரம் ஓடியது. கடைசியில் பழைய பாலிசியின் பிரதி வந்து சேர்ந்தபோது பார்த்தால், அது விபத்துக்கு மட்டுமான பாலிசி. சிறுநீர் அடைப்பு நோய். அந்தப் பாலிசி ரத்தானாலும் ஆகாவிட்டாலும் ஒரு காசு தந்திருக்காது. பாலிசியின் முகப்புப் பக்கத்தை முதல் நாளே கேட்டிருந்தால் பத்து நிமிட வேலை.

அதனால் என் வழக்கம் இப்போது வேறு. ரத்துக் கடிதத்துக்கு முன்னால் பழைய பாலிசியின் அட்டவணைப் பக்கத்தைக் கேட்பேன். எந்த விலங்கு, எந்த வகைக் காப்பீடு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, வரம்பு எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒரே விலங்கு, ஒரே வகை ஆபத்து, ஒரே ஆளின் நலன் ஆகிய மூன்றும் ஒத்துப்போனால்தான் இரட்டைக் காப்பீடு என்ற பேச்சே எழும். நாய் அடுத்தவரைக் கடித்தால் ஈடுகட்டும் பொறுப்புக் காப்பீடு வேறு. ஜெர்மனியில் பெர்லின், ஹாம்பர்க் போன்ற மாநிலங்களில் நாய் வைத்திருப்பவருக்கு அது சட்டப்படி கட்டாயம். அதை யாரும் ரத்து செய்யவும் மாட்டார்கள். மருத்துவமனைகள் மாதச் சந்தாவுக்குத் தடுப்பூசியும் பல் சுத்தமும் செய்துதரும் திட்டம் காப்பீடே அல்ல. ஆனால் வாடிக்கையாளர்கள் எல்லாவற்றையும் "இன்ஷூரன்ஸ்" என்றே சொல்வார்கள். விண்ணப்பத்தில் "ஆம், வேறு காப்பீடு உண்டு" என்று எழுதியவர் இந்தச் சந்தாவை நினைத்து எழுதியிருக்கலாம். இதற்கு நேர்மாறான சங்கடமும் உண்டு. குட்டியை விற்பவரும் காப்பகமும் முதல் நான்கைந்து வாரத்துக்கு இலவசக் காப்பீடு ஒன்றைச் சேர்த்துக் கொடுப்பதுண்டு. வாங்கியவர் அதைப் பாலிசியாகவே கருத மாட்டார், விண்ணப்பத்திலும் எழுத மாட்டார். அதற்கு ரத்துக் கடிதம் என்ற ஒன்றே இருக்காது, தானாக முடிந்துபோகும். குட்டி விலங்கின் கிளெய்ம் என்றால் நான் இதை வாய்விட்டே கேட்டுவிடுவேன்.

இனி ஆதாரங்கள். உங்களிடம் இருக்கும் ஸ்கிரீன்ஷாட் ஒரு வேண்டுகோளின் ஆதாரம், அவ்வளவுதான். ரத்து செய்யச் சொன்னது ஒரு நாள், நிறுவனம் அதை ஏற்றுக்கொண்டது ஒரு நாள், காப்பீடு உண்மையில் நின்றது இன்னொரு நாள். மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. மாதத் தவணை கட்டுபவர்களுக்கு, கட்டிய மாதம் முடியும்வரை காப்பீடு ஓடவிட்டு நிறுத்துவது சாதாரண நடைமுறை. உங்கள் பாலிசிதாரர் ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி தவணை கட்டியவர் என்றால், மே 28 மின்னஞ்சலை ஏற்றுக்கொண்ட பழைய நிறுவனம் ஜூன் 9 நள்ளிரவோடு முடித்திருக்கும். ஜூன் 1 முதல் 9 வரை இரண்டு பாலிசியும் சேர்ந்தே இருந்திருக்கும். அதில் தவறு ஒன்றும் இல்லை. காத்திருப்புக் காலம் முடியும்வரை பழையதைக் கைவிடாமல் வைத்திருப்பவர் புத்திசாலி. அவரைச் சந்தேகத்தோடு பார்ப்பவர்தான் தொழில் தெரியாதவர்.

அடுத்து எல்லோரும் கேட்பது வங்கிக் கணக்கு விவரம். மே 10க்குப் பிறகு தவணை போகவில்லை, ஆகவே பாலிசி இல்லை என்று முடிவுகட்டுவார்கள். இங்கே ஒரு குழி இருக்கிறது. தவணை தவறினால் உடனே பாலிசி சாகாது. பல பாலிசிகளில் சலுகைக் காலம் உண்டு, அதற்குள் கட்டினால் இடைவெளியின்றித் தொடரும். ஜூன் 10இல் தவணை தவறி, சலுகைக் காலம் முப்பது நாள் என்றால், ஜூன் 20 அதற்குள்தான் வருகிறது. பாலிசிதாரர் ரத்துக்கு எழுதியதாக நினைத்து, வங்கிக்கு மட்டும் சொல்லித் தவணையை நிறுத்தியிருந்தால் இதுதான் நடந்திருக்கும். பிறகு நிலுவையைக் கட்டிப் பாலிசியை உயிர்ப்பித்தவர்களும் உண்டு. ஆகவே தவணை நின்றது என்பது ஒரு தடயம். அதை வைத்து மேற்கொண்டு கேள்வி கேட்கலாம், முடிவுக்கு வர முடியாது.

வங்கி விவரத்தில் நான் விரும்பித் தேடுவது வேறொன்று: திரும்ப வந்த பிரீமியம். ஆண்டுப் பிரீமியத்தை மொத்தமாகக் கட்டியவர் நடுவில் ரத்து செய்தால், மீதி நாட்களுக்கான பணம் திரும்ப வரும். அந்தத் தொகை பொய் சொல்லாது. ஓர் எடுத்துக்காட்டு: பாலிசி ஜனவரி 1இல் தொடங்கியது, ஆண்டுப் பிரீமியம் 7,300. நாளுக்கு 20. ஜூலை 20ஆம் தேதியே ரத்து என்கிறார் பாலிசிதாரர். வங்கியில் திரும்ப வந்த தொகை 2,920. இருபதால் வகுத்தால் 146 நாள். 365இல் 146 போக 219 நாள் காப்பீடு ஓடியிருக்கிறது. ஜனவரி 1இலிருந்து 219ஆவது நாள் ஆகஸ்ட் 7. அவர் ஜூலை 20 என்று சொன்னது வேண்டுகோள் அனுப்பிய நாளாக இருக்கும். ஆகஸ்ட் 2ஆம் தேதி சிகிச்சை என்றால், பழைய நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டு என்பது ஒரு கணக்கில் தெரிந்துவிடுகிறது. கணக்கு எப்போதும் இவ்வளவு சுத்தமாக வராது. சில நிறுவனங்கள் நிர்வாகக் கட்டணம் கழிக்கும், சில குறுகிய கால விகிதப்படி குறைவாகத் தரும், அந்த ஆண்டில் கிளெய்ம் வாங்கியிருந்தால் எதுவுமே திரும்பத் தராதவையும் இருக்கின்றன. முழுப் பிரீமியமும் திரும்ப வந்திருந்தால் அது வேறு கதை: வாங்கிய சில நாளுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமையைப் பயன்படுத்தியிருப்பார், அல்லது பாலிசியையே தொடக்கத்திலிருந்து செல்லாது என்று நிறுவனம் அறிவித்திருக்கும்.

இந்த இடத்தில் சொற்களில் கறாராக இருங்கள். பாலிசிதாரர் கேட்டு ரத்தானது, தவணை கட்டாமல் காலாவதியானது, புதுப்பிக்காமல் முடிந்தது, தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று ஆனது என எல்லாவற்றையும் வாடிக்கையாளர் "கேன்சல் ஆகிவிட்டது" என்ற ஒரே சொல்லில் சொல்லிவிடுவார். கடைசி வகை வந்தால் மட்டும் நிமிர்ந்து உட்காருங்கள். உண்மையை மறைத்ததற்காக ஒரு நிறுவனம் பாலிசியைச் செல்லாததாக்கியிருந்தால், "வேறு நிறுவனம் எப்போதாவது உங்கள் பாலிசியை ரத்து செய்ததா, மறுத்ததா?" என்று உங்கள் விண்ணப்பம் கேட்டிருந்த கேள்விக்கு அவர் என்ன பதில் எழுதினார் என்று பார்க்க வேண்டும்.

ஆக, முடிவான ஆதாரம் பழைய நிறுவனத்திடமிருந்து வரும் எழுத்துதான். பெயர் ரத்துக் கடிதமாக இருக்க வேண்டியதில்லை. பாலிசி எண், விலங்கின் அடையாளம், அமலில் இருந்த முதல் நாளும் கடைசி நாளும் நேரத்தோடு, முடிந்த காரணம், பிறகு உயிர்ப்பிக்கப்பட்டதா, கேள்விக்குரிய சிகிச்சைக்கு அங்கே கிளெய்ம் வந்ததா என்ற இவ்வளவும் இருந்தால் போதும். நேரத்தை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. சில பாலிசிகள் நள்ளிரவில் முடியும், சில நண்பகலில். அவசரப் பிரிவுக்கு நாயைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் வருவது பெரும்பாலும் இரவில். மருத்துவமனை ரசீதில் 11.50 என்றும் அறுவை சிகிச்சைக் குறிப்பில் 1.15 என்றும் இருந்தால், தேதியே மாறிவிடுகிறது.

விலங்கின் அடையாளத்துக்குப் பெயரை நம்ப வேண்டாம். பழைய பாலிசியில் ஒரு செல்லப்பெயரும் புதியதில் இன்னொன்றும் இருக்கும். பழையது கணவர் பெயரில், புதியது மனைவி பெயரில் இருக்கும். மைக்ரோசிப் எண்ணை வைத்துப் பொருத்துங்கள்; பன்னாட்டுத் தரத்தில் அது பதினைந்து இலக்கம். வீட்டில் ஒரே இனத்து நாய்கள் இரண்டு இருக்கும்போது, ரத்தானது ஒன்றின் பாலிசி, கிளெய்ம் மற்றொன்றினுடையது என்ற குழப்பத்தை இந்த எண் ஒன்றுதான் தீர்த்து வைக்கும்.

பழைய நிறுவனம் உங்களிடம் நேராகப் பேசாது, பேசவும் கூடாது. பாலிசிதாரரின் கையெழுத்திட்ட ஒப்புதல் வேண்டும். ஐரோப்பாவில் 2018 மே முதல் நடைமுறையில் இருக்கும் தரவுப் பாதுகாப்பு விதிகளின் கீழ், எந்தத் தகவல் எதற்காக என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். ஒப்புதலோடு எழுதும்போது, பாலிசிதாரர் கொடுத்த கடிதத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்குப் போன் செய்யாதீர்கள். அந்த நிறுவனத்தின் பொதுத் தொடர்பு எண்ணை நீங்களே தேடி எடுங்கள். போலிக் கடிதம் தயாரிப்பவர் போலி எண்ணையும் போட்டிருப்பார்.

இன்னொரு கதவு பலருக்கு நினைவே வருவதில்லை: சிகிச்சை தந்த கால்நடை மருத்துவமனை. எந்தக் காப்பீட்டு நிறுவனம், எந்தப் பாலிசி எண் என்பது அங்கே விலங்கின் பதிவேட்டில் குறித்திருக்கும். இந்த ரசீது எண்ணுக்கு வேறு எந்த நிறுவனத்துக்காவது படிவம் நிரப்பிக் கொடுத்தீர்களா, முன்னனுமதி கேட்டீர்களா என்று ஒரே ஒரு வரி எழுதிக் கேளுங்கள். இரட்டைப் பணம் என்ற பயத்துக்கு இந்த ஒரு பதில், ரத்துக் கடிதத்தைவிட நேரான மருந்து.

இப்போது தள்ளிவைத்த விஷயம். பழைய நிறுவனத்திடம் ரத்துத் தேதி கேட்டுப் போகிறவர்கள், கையோடு முழுக் கிளெய்ம் வரலாற்றையும் வாங்கிவந்து, அதிலிருந்து "ஏற்கெனவே இருந்த நோய்" ஒன்றைத் தோண்டி எடுக்கப் பார்ப்பார்கள். காலுறை விழுங்கிய நாய்க்கு இரண்டாண்டு முன்பு காதில் சீழ் இருந்தது என்பதால் நமக்கு என்ன? இந்த நோய்க்கும் அந்தப் பதிவுக்கும் தொடர்பு இருந்தால் மட்டுமே கேட்க வேண்டும். அமெரிக்காவில் மாநிலக் காப்பீட்டு ஆணையர்களின் தேசியச் சங்கம் 2022இல் ஏற்றுக்கொண்ட மாதிரிச் சட்டம், ஏற்கெனவே இருந்த நோய் என்று சொல்லி மறுத்தால் அதை நிரூபிக்கும் சுமை நிறுவனத்தின் மேல்தான் என்கிறது. ஒரு பாலிசியில் ஈடு பெற்ற நோயை அதே பாலிசியின் புதுப்பித்தலில் பழைய நோய் என்று தள்ளக் கூடாது என்றும் சொல்கிறது. நிறுவனம் மாறியவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. பழையதை ரத்து செய்தது எவ்வளவு பெரிய முடிவு என்பது பலருக்குக் கிளெய்ம் மறுக்கப்படும் நாளில்தான் உறைக்கிறது. அந்த அதிர்ச்சியை நம் அலட்சியத்தால் கூட்ட வேண்டாம்.

பணத்தை நிறுத்தி வைக்கலாமா? உங்கள் பாலிசியின் "பிற காப்பீடு" விதியை எடுத்து வரி வரியாகப் படியுங்கள். பொதுவாக அது மூன்று விதமாக இருக்கும்: நம் பங்கை மட்டும் தருவோம், மற்றவர் தந்து முடித்த மிச்சத்தைத் தருவோம், வேறு பாலிசி இருந்தால் எதுவும் தர மாட்டோம். முதல் விதம் என்றால் முழுத் தொகையையும் பிடித்து வைக்க வழியில்லை. மோசமான நிலையிலும் நாம் தர வேண்டிய பங்கு எவ்வளவோ, அதை இன்றே அனுப்பலாம். மூன்றாவது விதத்தைப் பார்த்துத் துள்ளிக் குதிக்க வேண்டாம். இரண்டு நிறுவனங்களும் இதே விதியைக் காட்டி, "அவர்தான் தர வேண்டும்" என்று கைகாட்டினால் என்ன ஆகும் என்ற கேள்வி 1932இல் இங்கிலாந்தில் வெடல் வழக்கில் எழுந்தது. ஒரு கார் விபத்து, இரண்டு பாலிசிகள். ஒன்றையொன்று காட்டி இரண்டுமே தப்புவது அபத்தம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆஸ்திரேலியாவின் 1984ஆம் ஆண்டுக் காப்பீட்டு ஒப்பந்தச் சட்டம் ஒரு படி மேலே போய், 45ஆம் பிரிவில் இத்தகைய விதிகளைப் பெரும்பாலும் செல்லாதவை ஆக்கியிருக்கிறது. உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சட்டப் பிரிவிடம் கேட்டுவிட்டு அந்த விதியைத் தொடுங்கள். நான் பார்த்தவரை, முழுதாகப் பணம் தந்துவிட்டு மற்ற நிறுவனத்திடம் பங்கு கேட்டு எழுதுவது, இரண்டு நிறுவனச் சண்டையின் நடுவே நாய் வளர்ப்பவரை நிற்கவைப்பதைவிட எளிது.

உங்கள் கோப்புக்கு வருகிறேன். பாலிசிதாரருக்கு இன்று இப்படி எழுதுங்கள்: "ஐயா / அம்மா, உங்கள் நாயின் ஜூன் 20 அறுவை சிகிச்சைக்கான கிளெய்ம் பரிசீலனையில் உள்ளது. அந்தத் தேதியில் முந்தைய பாலிசி நடப்பில் இருந்ததா என்பதை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். முந்தைய நிறுவனம் உங்கள் மே 28 மின்னஞ்சலுக்கு அனுப்பிய பதில், பாலிசியின் அட்டவணைப் பக்கம், மே முதல் ஜூலை வரை அந்த நிறுவனத்துடனான பணப் பரிமாற்றம் தெரியும் வங்கிப் பக்கம் ஆகியவற்றை அனுப்புங்கள். பதில் எதுவும் வந்திருக்கவில்லை என்றால், இணைத்துள்ள ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்பினால் போதும். நாங்களே அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். மற்ற பரிசீலனை இதற்காகக் காத்திருக்காது. எங்கள் முடிவு வரும்வரை இந்தக் கிளெய்முக்காக எந்தப் பாலிசியையும் புதிதாக ரத்து செய்ய வேண்டாம்."

"மற்ற பரிசீலனை காத்திருக்காது" என்பதை எழுதிவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். காத்திருப்புக் காலம் கழிந்ததா, விழுங்கிய பொருளால் வந்த அடைப்பை உங்கள் பாலிசி விபத்தாகப் பார்க்கிறதா நோயாகப் பார்க்கிறதா, பாலிசிக்குள் வராத செலவு ஏதேனும் ரசீதில் இருக்கிறதா என்பதையெல்லாம் இந்த வாரமே முடித்து வையுங்கள். மருத்துவமனைக்கு அந்த ஒரு வரிக் கேள்வியையும் இன்றே அனுப்பிவிடுங்கள்.

பதில் ஜூன் 9 என்று வந்தால் தொகையை அன்றே விடுவியுங்கள். பழைய பாலிசி ஜூன் 20ஐத் தாண்டியும் ஓடியது என்று வந்தால், அது பாலிசிதாரரின் மோசடி என்று எடுத்தவுடன் எழுதிவிடாதீர்கள். அவர் மே 28இல் எழுதியிருக்கிறார், அந்த மின்னஞ்சல் உங்கள் கையில் இருக்கிறது. அதைச் செயல்படுத்தாமல் விட்டது பழைய நிறுவனம். அவர் அவர்களிடம் அந்த ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி, மே 28 தேதியிட்டே ரத்தை ஏற்கச் சொல்லலாம், அதற்குப் பின் பிடித்த தவணையையும் திரும்பக் கேட்கலாம். அவர்கள் ஏற்றால் உங்கள் கோப்பும் சுத்தமாகிவிடும். ஏற்காவிட்டால் பங்கு கேட்டு எழுத வேண்டியது உங்கள் நிறுவனம். அந்தக் கடிதத்தோடு இணைக்க வேண்டிய முதல் தாள், உங்கள் மேலதிகாரி போதாது என்று ஒதுக்கிய அதே ஸ்கிரீன்ஷாட்தான்.